வலையமைப்பில் இயங்கும் க்யூ விளக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடக அரங்குக்கான க்யூ விளக்குகளையும் அவற்றை இயக்கும் மென்பொருளையும் சொந்தமாகச் செய்ய விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சாலிடரிங் தெரிந்த, ஓரளவு நிரல் எழுதத் தெரிந்த ஒருவரை மனத்தில் வைத்துத்தான் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மேடை மட்டுமே பழக்கம் என்பவர்கள் நெறிமுறை பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போகலாம். விளக்கு எப்போது பொய் சொல்லும் என்று பேசும் இடங்களை மட்டும் தாண்ட வேண்டாம்.

க்யூ விளக்கு யாருக்காக?

நாடகம் நடக்கும்போது ஒருவர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வசனத்தில் படுதா இறங்க வேண்டும், எந்த அசைவில் ஒளி மாற வேண்டும், எப்போது கதவு திறக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர்தான் மேடை மேலாளர்; அவர் தரும் ஒவ்வொரு சைகையும் ஒரு க்யூ. ஒளி, ஒலி இயக்குபவர்களுக்கு அவர் ஹெட்செட்டில் சொல்லிவிடலாம். ஹெட்செட் எட்டாத ஆட்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். தட்டிக்குப் பின்னால் உள்ளே வரக் காத்திருக்கும் நடிகருக்கு மேடை தெரியாது, சில சமயம் வசனமும் கேட்காது. மேல்தளத்தில் படுதாக் கயிற்றை இரு கைகளாலும் பிடித்திருப்பவர் பொத்தானை அழுத்திப் பதில் பேச முடியாது. மேடைக்குப் பின்னிருந்து பாடும் குழுவினர் ஆளுக்கொரு ஹெட்செட் மாட்டிக்கொள்ள முடியாது. இவர்களுக்கு எதிரே ஒரு சின்ன விளக்குப் பெட்டியை வைத்து, அது நிறம் மாறியதும் வேலையைச் செய்யச் சொல்வதுதான் ஏற்பாடு.

தமிழ் மேடையில் விங்கில் (மேடையின் பக்கவாட்டு மறைவில்) நிற்பவரின் கையசைப்பும் டார்ச் வெளிச்சமும் இந்த வேலையைச் செய்து பழகியவை. ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிற சிறிய மேடைக்கு அது இன்றும் போதும். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சுவர் வந்த பிறகுதான் விளக்கு தேவைப்படுகிறது.

இன்டர்காம் இருந்தால் விளக்கு வேண்டாமே?

பேச்சு ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தைத்தான் சொல்லும். பத்து இடங்களில் ஒரே நொடியில் வேலை நடக்க வேண்டியிருந்தால், ஒரு பொத்தானில் பத்துப் பச்சை விளக்கு எரிவது சுலபம். தவிர, ஹெட்செட்டில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

சிவப்பும் பச்சையும் எதைக் குறிக்கின்றன? எல்லா ஊரிலும் ஒன்றுதானா?

இல்லை. பிரிட்டிஷ் அரங்குகளின் வழக்கம் இது: மேடை மேலாளர் ஸ்டாண்ட்பை (‘தயாராக இரு’) கொடுத்ததும் சிவப்பு மின்னும், அதைப் பார்த்தவர் தன் பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்தினால் மின்னுவது நின்று சிவப்பு நிலையாக எரியும், கோ (‘போ’) வந்ததும் பச்சை. அமெரிக்காவில் பல அரங்குகளில் ஒரே பல்புதான். எரிந்தால் ‘தயாராக இரு’, அணைந்தால் ‘போ’.

அமெரிக்க முறை எளிமையானது. ஒரு சாதாரண சுவிட்சும் பல்பும் போதும். ஆனால் அதன் உள்ளே ஒரு பொறி இருக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலும், யாராவது கேபிளைத் தடுக்கி இழுத்துவிட்டாலும், மின்சாரம் போனாலும் விளக்கு அணையும். அணைந்தால் ‘போ’ என்று பொருள். பழுது கட்டளையாக மாறிவிடுகிறது. புதிதாகச் செய்கிறவர்கள் பிரிட்டிஷ் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எது அறுந்தாலும் கிடைப்பது இருட்டு. இருட்டுக்கு எந்தக் கட்டளையும் கிடையாது.

இந்தப் பக்கத்தில் இனி வரும் பெரும்பாலான பதில்கள் இதே யோசனையிலிருந்து வருபவைதான். விளக்கை எரியவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். தவறான நேரத்தில் பச்சை எரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மீதி வேலை முழுவதும்.

பழைய முறையில் ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கம்பி இழுத்தால் என்ன குறை?

பெரிய குறை எதுவும் இல்லை. நிரந்தர அரங்கில் நான்கைந்து இடங்கள், மாறாத அமைப்பு என்றால் 24 வோல்ட் மின்வழங்கி, நல்ல சுவிட்சுகள், பல இழைக் கேபிள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் மென்பொருளே இல்லை; மென்பொருள் இல்லாத இடத்தில் மென்பொருள் கோளாறும் இல்லை. வலையமைப்பு மூன்று நிலைகளில் லாபம் தரும்: விளக்குகளின் எண்ணிக்கையும் இடமும் நாடகத்துக்கு நாடகம் மாறுவது, அரங்கில் ஏற்கெனவே ஈதர்நெட் கேபிள் ஓடியிருப்பது, எந்த விளக்கு உண்மையில் எரிகிறது என்று மேடை மேலாளரின் கட்டுப்பாட்டு மேசையிலேயே தெரிய வேண்டியிருப்பது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பழைய பெட்டிகளில் பல்பு போய்விட்டது என்பது நாடகத்தின் நடுவில்தான் தெரியவரும்.

வைஃபையில் செய்யலாமா? கேபிளே வேண்டாமே!

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். செய்ய வேண்டாம்.

காலி அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது வைஃபை அழகாக வேலை செய்யும். மாலையில் நானூறு பேர் நானூறு கைப்பேசிகளோடு உள்ளே வருவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. கைப்பேசிகள், புளூடூத் கருவிகள், சில கம்பியில்லா ஒலிவாங்கிகள் எல்லாம் அதே இடத்துக்கு வரும். மனித உடல் பெரும்பகுதி நீர்; அந்த அலைகளை அது உறிஞ்சவும் செய்யும். அதாவது நீங்கள் சோதித்த அரங்கும் நாடகம் நடக்கும் அரங்கும் வானொலிக் கணக்கில் வெவ்வேறு அரங்குகள். நெரிசலில் வைஃபை முற்றாக நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். அது சில பாக்கெட்டுகளை, அதாவது வலையமைப்பில் போகும் சிறு தரவுத் துண்டுகளை, அரை நொடி பிடித்துவைத்துப் பிறகு கொண்டுபோய்க் கொடுக்கும். அரை நொடி கழித்து எரியும் பச்சைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

கேபிள் இழுக்கவே முடியாத இடம் என்றால், உதாரணமாக மேடையில் நகரும் வண்டிக்குள் ஒளிந்திருக்கும் நடிகருக்கு, அந்த ஒரு விளக்கை மட்டும் கம்பியில்லாமல் செய்து, அது தொடர்பிழந்ததை மேசையில் உடனே காட்டும்படி வையுங்கள்.

மின்சாரத்துக்குத் தனிக் கேபிள் வேண்டுமா?

வேண்டாம். ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பி.ஓ.இ. முறை 2003இல் 802.3ஏ.எஃப். என்ற தரமாக வந்தது. கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் ஒரு துளையிலிருந்து 15.4 வாட் கிளம்பும். கேபிளில் இழப்பு போக மறுமுனையில் 12.95 வாட் உறுதி. ஒரு க்யூ விளக்குக்கு இரண்டு மூன்று வாட் போதும். கேபிள் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ஈதர்நெட்டின் பொது விதி. அரங்குகளில் பெரும்பாலும் அது இடிக்காது, ஆனால் கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் மறைந்திருக்கும் பெரிய வசதி, எல்லா விளக்குகளின் மின்சாரமும் ஒரே சுவிட்சிலிருந்து போவது. அந்த ஒரு சுவிட்சையும் மேசைக் கணினியையும் சிறிய யு.பி.எஸ்.ஸில் மாட்டிவிட்டால், அரங்கில் மின்சாரம் போனாலும் விளக்குகள் உயிரோடு இருக்கும்.

‘பாசிவ் பி.ஓ.இ.’ என்று மலிவாகக் கிடைப்பவற்றில் கவனம் தேவை. உண்மையான பி.ஓ.இ. சுவிட்ச், எதிர்முனையில் மின்சாரம் கேட்கும் கருவி இருக்கிறதா என்று சோதித்த பிறகே முழு மின்னழுத்தம் தரும். பாசிவ் வகை கேட்காமலே ஊட்டும். அந்தக் கேபிளை யாராவது தங்கள் மடிக்கணினியில் செருகினால் என்ன ஆகும் என்பது அந்த மடிக்கணினியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

விளக்குப் பெட்டிக்குள் என்ன வைப்பது?

இ.எஸ்.பி. 32 மைக்ரோகன்ட்ரோலர் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. முதலில் வந்த இ.எஸ்.பி. 32 சில்லில் ஈதர்நெட்டுக்கான பகுதி உள்ளேயே உண்டு, வெளியில் எல்.ஏ.என். 8720 போன்ற ஒரு சில்லு சேர்த்தால் போதும். பின்னால் வந்த எஸ்3, சி3 வகைகளில் அந்தப் பகுதி இல்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. அவற்றோடு டபிள்யூ 5500 என்ற தனி ஈதர்நெட் சில்லைச் சேர்க்கலாம்.

விளக்குக்கு டபிள்யூ.எஸ். 2812 வகை எல்.இ.டி. பட்டையைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். ஒரே கம்பியில் எத்தனை நிறம் வேண்டுமானாலும் காட்டலாம், மின்னவைக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுங்கள்: அந்த எல்.இ.டி. கடைசியாகச் சொல்லப்பட்ட நிறத்தை, அடுத்த கட்டளை வரும்வரை தானாகவே பிடித்துக்கொண்டிருக்கும். பச்சை காட்டும்போது மைக்ரோகன்ட்ரோலர் உறைந்துவிட்டால் பச்சை அப்படியே நிற்கும். சாதாரண எல்.இ.டி.யை நேராக இணைத்தாலும் இதே கதைதான். அதனால் வாட்ச்டாக் என்ற உள் கடிகாரத்தை இயக்கி வையுங்கள். நிரல் குறித்த நேரத்துக்குள் அதைத் தொடாவிட்டால் சில்லு தானே மறுபடி துவங்கும். துவங்கியதும் நிரல் செய்யும் முதல் வேலை எல்லா விளக்கையும் அணைப்பதாக இருக்கட்டும். வலையமைப்பைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னும் ஒரு படி போக விரும்பினால், பச்சைக்குப் போகும் மின்சாரத்தை ஒரு மின்தேக்கியும் இரண்டு டையோடுகளும் கொண்ட சிறு சுற்று வழியாக விடுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் ஓயாமல் துடிப்பு அனுப்பினால்தான் அந்தச் சுற்று திறந்திருக்கும். நிரல் உறைந்தால் துடிப்பு நிற்கும், பச்சையும் அணையும். வாட்ச்டாக்கையே முழுதும் நம்ப வேண்டியதில்லை.

எவ்வளவு பிரகாசம் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. முழு இருட்டில் சிறிய எல்.இ.டி.கூடச் சுவரையே பச்சையாக்கும். அது பார்வையாளர்களுக்குத் தெரிந்தால் நாடகம் கெட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பிரகாச அளவு வையுங்கள், மேசையிலிருந்தே மாற்றும்படி. விளக்கின் மேல் ஒரு தட்டை நிழல்மறைப்பும் வேண்டும். மேல்தளத்தில் வேலை விளக்கு எரிந்துகொண்டிருக்கும் இடத்துக்கு எதிர்மாறாகக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும்.

டி.எம்.எக்ஸ்., எஸ்.ஏ.சி.என்., ஆர்ட்-நெட், ஓ.எஸ்.சி. இவற்றில் எது?

மேடை ஒளியமைப்பின் தாய்மொழி டி.எம்.எக்ஸ். 512. 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஒரு கம்பியில் 512 சேனல், நொடிக்கு 250 கிலோபிட். ஆர்ட்-நெட்டும் எஸ்.ஏ.சி.என்.னும் அதே 512 சேனல்களை ஈதர்நெட் வழியே அனுப்பும் முறைகள். ஏற்கெனவே உள்ள ஒளிப்பலகையின் ஒரு சேனலை க்யூ விளக்குக்கு ஒதுக்கிவிடலாமே என்று தோன்றும். செலவில்லாத வழிதான். இரண்டு காரணங்களால் எனக்கு அதில் விருப்பமில்லை. டி.எம்.எக்ஸ். ஒருவழிப் பாதை, தட்டிக்குப் பின்னால் இருப்பவர் பொத்தானை அழுத்திய செய்தி அதில் திரும்பி வராது. அடுத்து, எஸ்.ஏ.சி.என். தரத்தில் அனுப்புநர் காணாமல் போய்விட்டார் என்று முடிவுகட்ட 2.5 நொடி ஆகும். ஒளிக்கு அது நல்ல குணம்: சிறு தடங்கலுக்கெல்லாம் மேடை இருட்டாகக் கூடாது. க்யூ விளக்குக்கு அதுவே கெட்ட குணம். போன நிலையை இரண்டரை நொடி பிடித்துக்கொண்டிருக்கும் பச்சை எனக்கு வேண்டாம்.

ஓ.எஸ்.சி. என்பது மேடை, இசை மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை; வெளி மென்பொருள்களோடு பேசுவதற்கு நல்லது. மேசைக்கும் விளக்குக்கும் இடையே மட்டும் நீங்களே வகுத்த, சின்னஞ்சிறு யு.டி.பி. (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) செய்தி போதும் என்பது என் கருத்து.

யு.டி.பி.யில் பாக்கெட் தொலைந்து போகுமே? டி.சி.பி.தானே நம்பகமானது?

டி.சி.பி. தொலைந்ததை மீண்டும் அனுப்பும் என்பது உண்மை. லினக்ஸில் அதற்கு முன் குறைந்தது 200 மில்லிநொடி காத்திருக்கும். மறுபடியும் தொலைந்தால் காத்திருப்பு இரட்டிப்பாகும். கேபிள் இரண்டு நொடி கழன்று மீண்டும் செருகப்பட்டால், இடையில் நீங்கள் அழுத்திய கோ, கட்டளை தவறாமல், மிக நம்பகமாக, இரண்டு மூன்று நொடி தாமதமாகப் போய்ச் சேரும். ஓடுகிற நாடகத்தில் வராத பச்சையைவிடத் தாமதமாக வரும் பச்சை ஆபத்தானது. வராவிட்டால் மேடை மேலாளர் வேறு வழி பார்ப்பார். தாமதமாக வந்தால், நடிகர் நிற்கும் இடத்தில் படுதா இறங்கும்.

மாற்று இதுதான். ‘பச்சையை எரி’ என்ற கட்டளையை அனுப்பாதீர்கள். ‘இந்தக் கணத்தில் எல்லா விளக்குகளின் நிலை இது’ என்ற முழுப் பட்டியலை நொடிக்கு முப்பது முறை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருங்கள். நிலை மாறும்போது அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் உடனே ஒன்று அனுப்புங்கள். ஒரு பாக்கெட் தொலைந்தால் 33 மில்லிநொடியில் அடுத்தது வந்து சரிசெய்துவிடும். எதையும் நினைவில் வைத்து மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. முப்பது விளக்குகள் என்றாலும் பாக்கெட் நூறு பைட்டைத் தாண்டாது. வலையமைப்புக்கு இது தூசு.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் ஒன்று வேண்டும், முந்திய பாக்கெட் பிந்தி வந்தால் விளக்கு ஒதுக்கிவிட. மேசை மென்பொருள் நின்று மறுபடி துவங்கினால் வரிசை எண் பூஜ்யத்துக்குப் போய்விடும்; அப்போது விளக்குகள் எல்லாப் புதிய பாக்கெட்டையும் பழையது என்று தள்ளிவிடும். ஆகவே ஒவ்வொரு துவக்கத்துக்கும் தற்போக்கான ஓர் அமர்வு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். அமர்வு எண் மாறினால் விளக்கு வரிசையைப் புதிதாக எண்ணத் தொடங்கும்.

இதற்கு மேல் மூன்று விதிகளை விளக்கின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது பெட்டிக்குள் ஓடும் நிரலிலேயே, எழுதிவிடுங்கள். மேசையை நம்பி விடாதீர்கள். அரை நொடி எந்தப் பாக்கெட்டும் வராவிட்டால் சிவப்பும் பச்சையும் அணையட்டும். பச்சை ஒரு முறை எரிந்தால், மேசை என்ன சொன்னாலும் சில நொடிகளில் தானே அணையட்டும். தொடர்பு அறுந்து திரும்பிய விளக்கு, முதலில் ஸ்டாண்ட்பை நிலையைப் பார்க்காமல் பச்சையை ஏற்கவே கூடாது. மூன்றாவது விதியைப் பலர் மறக்கிறார்கள். கேபிள் கழன்றிருந்தபோது கோ போய்விட்டது என்று வையுங்கள். அந்தப் பச்சை நிலை இன்னும் முடியாதிருக்கும்போது கேபிள் திரும்பினால், விளக்கு அப்போதுதான் எரியும். எதிரில் நிற்பவருக்கு அது புத்தம்புதிய கோ.

மேசையில் எதைக் காட்ட வேண்டும்?

அனுப்பியதைக் காட்டாதீர்கள், விளக்கு தான் காட்டுவதாகத் திருப்பிச் சொன்னதைக் காட்டுங்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் நிலையைத் திருப்பி அனுப்பட்டும்: எந்த நிறம் எரிகிறது, பொத்தான் அழுத்தப்பட்டதா, கடைசியாகப் பெற்ற வரிசை எண் எது. எல்.இ.டி. வழியே ஓடும் மின்னோட்டத்தையும் அளந்து சேர்த்தால் இன்னும் நல்லது. ‘எரி என்று சொன்னேன்’ என்பதும் ‘எரிகிறது’ என்பதும் வெவ்வேறு செய்திகள். பெட்டி பேசாமல் போனால் திரையில் அதன் கட்டம் பச்சையாகவோ சிவப்பாகவோ தங்கக் கூடாது. கோடு போட்டு அடித்துவிட வேண்டும்.

தொடர்பு அறுந்ததை விளக்கில் எப்படிக் காட்டுவது? நீல நிறம் வைக்கலாமா?

நீலம் வேண்டாம். மேடையின் பக்கவாட்டில் நடமாட எரியும் வேலை விளக்குகள் பெரும்பாலும் நீலம்தான். அதற்குள் இது கரைந்துவிடும். பெரிய விளக்குகள் இரண்டும் அணைந்து, மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி மெல்ல விட்டுவிட்டு எரிவதாக வைத்துக்கொள்ளலாம். ‘மஞ்சள் புள்ளி தெரிந்தால் விளக்கை மறந்துவிட்டு ஆளைப் பாருங்கள்’ என்று ஒத்திகையில் ஒரு முறை சொன்னால் எல்லோருக்கும் பிடிபடும்.

எங்கள் குழுவில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல் தெரிகின்றனவே?

இது அபூர்வம் அல்ல. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இந்த நிறக்குறைபாடு உண்டு. மற்ற மக்களிடையே விகிதம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஒரே எல்.இ.டி.யில் நிறத்தை மட்டும் மாற்றும் வடிவமைப்பு இவர்களைக் கைவிட்டுவிடும். சாலை சிக்னலைப் போல இடத்தையும் சேர்த்து மாற்றுங்கள்: சிவப்பு மேலே, பச்சை கீழே, நடுவே இடைவெளி. பச்சையைச் சற்று நீலம் கலந்த பச்சையாக எடுத்தால் இன்னும் பிரித்தறிய முடியும்.

தாமதம் எவ்வளவு வரை பொறுக்கலாம்?

இதில் அநாவசியமாகக் கவலைப்படுகிறார்கள். கேபிளில், சிறிய வலையமைப்பில் பாக்கெட் ஒரு மில்லிநொடிக்குள் போய்விடும். விளக்கைப் பார்த்த மனிதர் கையை அசைக்கவே 200 முதல் 250 மில்லிநொடி எடுப்பார். நல்ல மேடை மேலாளர் அதையும் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே அழுத்துவார். தாமதம் 10 ஆனாலும் 40 ஆனாலும் அவருக்குப் பழகிவிடும். இன்று 10, நாளை 300 என்று மாறினால்தான் பழகாது.

ஒரு சிறு யோசனை: பொத்தானின் தொடுமுனை துள்ளுவதால் ஒரே அழுத்தல் பலவாகப் பதிவாகும். அதைத் தவிர்க்க 20 மில்லிநொடி காத்திருந்து பிறகு செயல்படும் நிரல்கள் உண்டு. திருப்பிப் போடுங்கள்: முதல் தொடுகையிலேயே செயல்பட்டு, அடுத்த 20 மில்லிநொடி எதையும் கேட்காதீர்கள்.

மேசை மென்பொருளை எந்த மொழியில் எழுதுவது? தொடுதிரை நல்லதா?

மொழி உங்கள் விருப்பம். நொடிக்கு முப்பது பாக்கெட் அனுப்ப பைத்தானும் போதும். முக்கியமானது, பாக்கெட் அனுப்பும் நிரலும் திரை வரையும் நிரலும் தனித்தனிச் செயல்களாக இருப்பது. திரை தொங்கினால் விளக்குகள் தொங்கக் கூடாது.

தொடுதிரையைத் தகவல் பார்க்க வையுங்கள். கோ அழுத்த வைக்காதீர்கள். மேடை மேலாளரின் கண் மேடையிலும் பிரதியிலும் இருக்கும். விரல் தடவித்தான் பொத்தானைக் கண்டுபிடிக்கும். கண்ணாடியில் தடவிக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. நன்றாக அமுங்கும், ஒலி எழுப்பாத, உண்மையான பொத்தான்களைத் தேடி வாங்குங்கள். சத்தமில்லாத பொத்தான் கிடைப்பது இந்தத் திட்டத்தின் கடினமான கொள்முதல்.

விசைப்பலகையைப் பொத்தானாகப் பயன்படுத்தினால், ஸ்பேஸ் விசையை அழுத்திப் பிடித்தால் இயங்குதளம் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும் என்பதை மறக்காதீர்கள். அதை வடிகட்டாவிட்டால் ஒரு நீண்ட அழுத்தலில் அடுத்தடுத்த க்யூக்கள் எல்லாம் ஓடிவிடும். கணினியின் தூக்கம், திரைக்காப்பு, தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் அணையுங்கள். ராஸ்பெரி பை என்றால் எஸ்.டி. அட்டையைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். நாடகம் முடிந்ததும் யாராவது மின்சாரத்தை அப்படியே பிடுங்கத்தான் போகிறார்கள்.

பச்சையோடு சேர்த்து ஒலி, ஒளிக் க்யூவையும் தானே ஓட்டலாமா?

முடியும். மேக் கணினியில் ஓடும் க்யூலேப் போன்ற ஒலி மென்பொருள் ஓ.எஸ்.சி. செய்திகளைக் கேட்கும், க்யூலேப் 53000 என்ற போர்ட்டில் காத்திருக்கும். ‘கோ’ என்ற செய்தி மொத்தமே எட்டு பைட். எழுதுவது சுலபம் என்பதாலேயே எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் கட்டிவிடத் தோன்றும். இடிச்சத்தமும் மின்னலும் ஒருசேர வர வேண்டிய இடங்களுக்கு அது சரி. மற்றபடி, இசையை இயக்குபவர் நடிகரின் மூச்சைப் பார்த்துக் கால் நொடி தள்ளி அழுத்துவதில் ஒரு கலை இருக்கிறது. அவரிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டாம்.

நெட்வொர்க் சுவிட்சில் என்ன கவனிக்க வேண்டும்?

க்யூ விளக்குகளுக்குத் தனி வலையமைப்பு. அதில் இணையம் வேண்டாம், அரங்கின் அலுவலகக் கணினிகளும் வேண்டாம். நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் என்றால் ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு) அமைப்பைப் பாருங்கள். அதன் பழைய வடிவத்தில், கேபிள் செருகிய துளை 30 நொடி கழித்துத்தான் திறக்கும். கழன்ற கேபிளைப் பதறிச் செருகிவிட்டு அரை நிமிடம் மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது நீண்ட நேரம். விளக்குகள் செருகிய துளைகளை ‘எட்ஜ்’ என்று குறித்துவிட்டால் உடனே திறக்கும். ஸ்பானிங் ட்ரீயையே அணைத்துவிடாதீர்கள். ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகுகிற புண்ணியவான் எல்லா ஊரிலும் உண்டு, அவரிடமிருந்து உங்களைக் காப்பது அதுதான்.

மேடை இயந்திரம், வாணவெடி போன்றவற்றுக்கு இதைப் பாதுகாப்பு ஏற்பாடாகப் பயன்படுத்தலாமா?

கூடாது. டி.எம்.எக்ஸ். தரமே, பிழை சரிபார்ப்பு கட்டாயமில்லை என்பதால் ஆபத்தான வேலைகளுக்குத் தான் ஏற்றதல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நீங்கள் வீட்டில் செய்த பெட்டிக்கு அதைவிட அதிக உரிமை கிடையாது. பச்சை ‘இது நேரம்’ என்று மட்டும் சொல்லும். கீழே ஆள் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. கயிற்றைப் பிடித்திருப்பவர் கீழே பார்க்க முடியாத இடத்தில் நின்றால், பார்க்கக்கூடிய இன்னொருவரை நிறுத்துங்கள். பச்சை எரிந்தும் போகாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்பதை மேடை மேலாளரும் அறிந்திருக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

கெடுத்துப் பார்த்துத்தான். பச்சை எரியும்போது கேபிளைப் பிடுங்குங்கள். கேபிள் இல்லாதபோது கோ அழுத்தி, பிறகு செருகுங்கள்; பச்சை வந்தால் நிரல் தவறு. ஸ்டாண்ட்பை நிலையில் மேசை நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். சுவிட்சின் மின்சாரத்தை எடுங்கள். இரண்டு மேசைகள் ஒரே நேரத்தில் துவங்கினால் விளக்கு யார் பேச்சைக் கேட்கிறது என்று பாருங்கள். இரண்டு பேர் பேச்சையும் மாறிமாறிக் கேட்டால் அமர்வு எண் தர்க்கத்தில் ஓட்டை. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். வரிசை எண்ணுக்கு 16 பிட் மட்டும் ஒதுக்கியிருந்தால், நொடிக்கு முப்பது என்ற கணக்கில் 36 நிமிடத்திலேயே அது சுற்றி வந்து பூஜ்யத்தைத் தொட்டிருக்கும். இடைவேளைக்குச் சற்று முன் எல்லா விளக்கும் சேர்ந்து ஊமையாகிற அதிசயத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒரு நாள் வாடகைக்கு அரங்கம் எடுக்கும் சிறிய குழு நாங்கள். எங்கே தொடங்குவது?

இரண்டே பெட்டிகளிலிருந்து: ஒன்று எதிர் விங்குக்கு, ஒன்று ஒலி இயக்குபவருக்கு. முதலில் பேட்டரி, இரண்டு சுவிட்ச், நீளமான கம்பி என்று மென்பொருளே இல்லாமல் ஒரு நாடகம் ஓட்டிப் பாருங்கள். யாருக்கு உண்மையில் விளக்கு தேவை, எந்த உயரத்தில் வைத்தால் கண்ணில் படும், ஒப்புதல் பொத்தானை யார் அழுத்துவதே இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு வலையமைப்புக்கு மாறினால், சுவிட்ச், கேபிள் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். வாடகை அரங்கின் சுவரில் உள்ள துளை எங்கே போகிறது என்று பெரும்பாலும் அங்குள்ளவர்களுக்கே தெரியாது. கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். நடைபாதையைக் கடக்கும் இடத்தில் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். கூடுதலாக ஒரு பெட்டியைச் செய்து, எந்த இடத்து எண்ணையும் அதில் திருகு சுவிட்சால் அமைக்க முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன பெட்டியைத் திறந்து பார்க்க நாடகத்தின் நடுவில் யாருக்கும் நேரம் இருக்காது.